கிணற்றுக்கு மேலே ஒரு வீடு

கவுதாரிக்குக் கட்டிய வீட்டில் கவுதாரியால் காலை வைக்க முடியவில்லை.

கட்டியது தூக்கணாங்குருவி. கைதேர்ந்த வேலைக்காரன். முட்டையிட இடம் வேண்டும் என்று கவுதாரி வாயைத் திறந்ததுமே, "கவலையை விடு தங்கச்சி, நான் பார்த்துக்கிறேன்" என்று பறந்துவிட்டான். இப்போது கிணற்றுக்கு மேலே நீண்ட வேலமரக் கிளையில் வீடு தொங்கியது. உள்ளே களிமண் பூச்சு. அடியில் குழாய் மாதிரி வாசல்.

கவுதாரி அண்ணாந்து பார்த்தாள். திறந்த அலகு மூடவில்லை.

"அண்ணே, இது ஏன் அந்தரத்துல தொங்குது?"

"அப்பத்தானே பாம்பு ஏறாது!"

"என் குஞ்சு பொரிஞ்ச அன்னைக்கே ஓடுமே! வாசலைத் தாண்டினா கிணறு!"

குருவி கிளை நுனிக்குத் தாவினான். கீழே எட்டிப் பார்த்தான். தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. பிறந்ததும் ஓடுமா? அவனிடம் யார் சொன்னார்கள்?

"எனக்குக் கட்டினப்போ பாதியிலேயே கூப்பிட்டுக் காட்டினீங்களே," என்றாள் பக்கத்துக் கிளையில் இருந்த அவன் பெண்டாட்டி. "இவளை ஏன் கூப்பிடலை?"

"நீ குறை சொல்லுவே. இவ சொல்ல மாட்டான்னு நினைச்சேன்."

"அண்ணே, முட்டை வருது!" கவுதாரி அலறினாள்.

"உனக்கு என்னதான் வேணும், தாயி?" குருவி கீழே பாய்ந்து வந்தான்.

"ஒரு சின்னப் பள்ளம். மேலே புதர் மறைப்பு. அவ்வளவுதான்."

பக்கத்துக் காரை முட்புதரடியில் அப்படி ஒரு பள்ளம் இருந்தது. கவுதாரி ஓடிப்போய் உட்கார்ந்தாள். அளவெடுத்தது போல இருந்தது. முட்டை இறங்கியது.

குருவி பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு நார் இல்லை, ஒரு முடிச்சு இல்லை. சேற்றில் குளம்பு பதிந்து காய்ந்த வெறும் பள்ளம். பதித்தது, போன மழையில் அந்த வழியாக மேயப் போன எருமை.