நனைந்த சப்பாத்து

“ஆரோ எனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கினம், பிள்ளை. நீங்கள் ஒன்லைனில சம்பல் விக்கிறியளாம். சபைக்கு ஒரு சதமும் கட்டுறேல்லையாம்.”

பிரதேச சபையின் வருமானப் பரிசோதகர் லக்ஸ்மன், தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் கதிரையில் உட்கார்ந்ததும் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான். லயத்துக்கு வரும் வழியிலுள்ள ஓடையில் கல்லுக்குக் கல் தாவ இன்னும் பழகவில்லை.

சுதர்ஷினியின் கையெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. உள்ளே கட்டச் சம்பல் போத்தல்கள் வரிசையாக நின்றன.

“கடையே இல்லிங்களே சார். போன்ல படம் போடுவேன், கொழும்புல இருக்கிற நம்ம ஆளுங்க கேப்பாங்க, கூரியர்ல அனுப்புவேன். கூரியர் பில்லுலயே வரி போட்டுத்தானே எடுக்கிறாங்க?”

“அது கூரியர்காரன்ர வரி. உங்கட வரி இல்லை.”

பக்கத்துக் காம்பராவிலிருந்து காளியாயி வந்துவிட்டாள்.

“எந்த நாசமாப் போனவன் சார் போன் பண்ணினது? புருசன் இல்லாத புள்ள நாலு போத்தல் வித்துப் பொழைக்கிறது அவன் கண்ணக் குத்துதா? பேரச் சொல்லுங்க.”

“பேர் சொல்லேல்லை. ஆம்பிளைக் குரல்.”

“அப்ப கீழ் லயத்து ஆண்டியப்பன்தான். அவன் பொண்டாட்டியும் சம்பல் போட்டுப் பாத்தா. நாய்கூடத் திரும்பிப் பாக்கல. அந்த எரிச்சல்!”

சுதர்ஷினியின் அப்பா செல்லசாமி வாசற்படியில் குந்தியிருந்தார். இருமிவிட்டுச் சொன்னார்.

“விடு காளியாயி. தெரியாம யாரையும் சொல்லக் கூடாது.”

“நீங்க சும்மா இருங்கண்ணே. ஒங்க மக சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கான், அவனுக்கு வக்காலத்தா?”

சுதர்ஷினிக்கு இதெல்லாம் காதில் விழவில்லை.

“சார், யாவாரத்த நிப்பாட்டிருவீங்களா?”

“நிப்பாட்டச் சொல்லி ஆர் சொன்னது? சந்தையில விரிச்சு வித்தாலும் சரி, போனில படம் போட்டு வித்தாலும் சரி, எங்கட எல்லைக்குள்ள நடந்தா யாவாரம்தான். பதிய வேணும். வருசத்துக்கு ஒருக்கா சபை வரி. வற் வரி எண்டது வேற. அது அரசாங்கத்துக்கு, பெரிய யாவாரத்துக்கு. உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.”

“தெரிஞ்சு ஏமாத்தல சார்.”

“விளங்குது. வாற கிழமை சபைக்கு வாங்கோ.”

அவளுக்கு மூச்சு வந்தது. உள்ளே போய் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

லக்ஸ்மன் ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செல்லசாமி சிரித்தார்.

“கணேசமூர்த்தி ஐயாவும் இப்படித்தான் அழுவாரு.”

“ஆர் அவர்?”

“சபை டிக்கட்காரருங்க, அந்தக் காலத்துல. சம்பளச் சனிக்கிழமைன்னா யாவாரிங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு பாலத்தத் தாண்டி லயத்துக்கே வந்துருவாங்க. சீத்தத் துணி, வளையல், பொரி, அலுவா... இந்த வாசல் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும். அவங்க பின்னாலேயே இவரு. மூட்டைக்கு ஒரு வரி டிக்கட் கிழிச்சுக் குடுத்துட்டு, இதே எடத்துல ஒக்காருவாரு. என் பொண்டாட்டி சம்பல் அரைச்சு வச்சிருப்பா. அழுதுக்கிட்டே இன்னொரு ரொட்டி கேப்பாரு.”

“அம்மா கைப்பக்குவம்தான் சார் இதுவும்” என்றாள் சுதர்ஷினி.

லக்ஸ்மன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு ரொட்டி கேட்டார்.

“இப்ப ஏன் ஒருத்தரும் வாறேல்லை?”

“பாலம் வெள்ளத்துல போயிருச்சுங்களே. மூட்டைக்காரங்க நின்னாங்க, டிக்கட்காரரும் நின்னுட்டாரு. அப்ப இவ பள்ளிக்கூடம் போற புள்ள. இப்ப இவ மக நிலக்ஷி போகுது, சப்பாத்தக் கையில தூக்கிக்கிட்டு. மழைன்னா அதுவும் இல்ல. போன மாசம் புள்ளையத் தண்ணி இழுத்துருச்சு. காளியாயிதான் சட்டையப் புடிச்சு இழுத்தா.”

“சபைக்கு அறிவிக்கேல்லையோ?”

“தோட்டத்துத் தொரகிட்டக் கேட்டா சபைங்கிறாரு. சபையில கேட்டா, ஆள் வந்து பாத்தாத்தான் எதுவும் செய்யலாங்கிறாங்க. நாங்களும் சொல்லிக்கிட்டே இருக்கோம்.”

லக்ஸ்மன் ஈரச் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். சுதர்ஷினி ஒரு போத்தல் சம்பலை நீட்டினாள். “பதியாத யாவாரத்தில நான் சாமான் வாங்கேலாது பிள்ளை” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

ஓடைவரை செல்லசாமி கூடப் போனார். முதல் கல்லில் தான் ஏறி நின்று கையை நீட்டினார். லக்ஸ்மன் பிடித்துக்கொண்டார். நடு ஓடையில் கிழவருக்கு மறுபடியும் இருமல் வந்தது.

லக்ஸ்மன் நின்றுவிட்டார்.

“ஐயா... போனில கதைச்ச ஆளும் இப்பிடித்தான் இருமினவர்.”

செல்லசாமி திரும்பினார். பிடித்த கையை விடவில்லை.

“கட்ட வேண்டியத என் மக கட்டிருவா, அது எனக்குத் தெரியும். பாலம் பாலம்னு எத்தன வருசமா கூப்பிட்டோம், ஒருத்தர் வரல. வரின்னு ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே வந்துட்டீங்க... மெதுவா வாங்க சார், அடுத்த கல்லு வழுக்கும்.”