இரட்டைத் தாழ்ப்பாள்

“கையைக் கழுவிட்டு வந்து புடி. சந்தனக் கையோட தொட்டா புதுப் பலகையில அப்பிக்கும்.”

பூஜையை முடித்துவிட்டு அப்படியே தோட்டத்துக்கு வந்த தர்மதேவி, திரும்பிப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். ஜினசந்திரன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முயல் கூண்டுக்குக் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தார். இதற்காக ஆபீசில் இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தார். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன்.

“எதுக்குங்க ரெண்டு தாழ்ப்பாள்?”

“ஒண்ணு கழண்டா இன்னொண்ணு இருக்குமில்ல? மேல போட பூட்டும் வாங்கியாந்திருக்கேன்.”

“முயலுக்குப் பூட்டா? இது ஜாஸ்தியா தெரியலியா உங்களுக்கு?”

“போன தடவை கம்மியாப் போச்சே” என்றார் அவர், பல்லில் கவ்விய ஆணியை எடுத்துக்கொண்டே.

தர்மதேவி பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

போன தடவை என்றால் எழுபத்து மூன்றில். பதினோரு வருஷம் ஆகிறது. இதே மரத்தடியில் மூன்று வெள்ளை முயல்கள் இருந்தன. ஒரே மகள் சந்திரகலாவுக்கு அப்போது பத்து வயது. டைபாய்டில் இருபது நாள் கிடந்து, ஒருவழியாகத் தேறி, மகாவீரர் ஜெயந்தியன்று காலையில்தான் படுக்கையை விட்டு எழுந்தாள். நேராக முயல்களைப் பார்க்கத்தான் வந்தாள். கூண்டு திறந்து கிடந்தது. செங்கம் ரோட்டு நாய்கள் வேலியோரம் மிச்சம் வைத்திருந்ததைப் பார்த்து அலறினாள்.

“யாரு தொறந்து விட்டது?”

“நான்தாம்மா. விடியக்காலையில புல்லு போட்டுட்டு, தாழ்ப்பாள் போட மறந்துட்டேன்” என்றார் ஜினசந்திரன்.

பூட்டின பீரோவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவர், இதைப் போய் மறந்துவிட்டாரே என்று தெருவே ஆச்சரியப்பட்டது. கலா மன்னிக்கவில்லை. அன்றைக்கு விட்டதுதான், அப்புறம் அவள் வாயிலிருந்து ‘அப்பா’ என்ற வார்த்தை வரவே இல்லை. மார்க் ஷீட்டில் கையெழுத்து வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான். கல்யாணத்தன்று காலில் விழுந்தாள், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. வந்தவாசிக்குப் போன பிறகும் கடிதமெல்லாம் அம்மாவுக்கு மட்டும்தான்.

போன வாரமும் ஒன்று வந்தது. தலைப்பிரசவத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாளாம். கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாள். ‘ஏனோ தெரியவில்லை அம்மா, தினமும் முயல் கனவாகவே வருகிறது. மறுபடியும் வளர்க்கலாமா? தோட்டத்திலேயே இருக்கட்டும். ஆனால் கூண்டுப் பக்கம் அவரை விடாதே.’

படித்துக் காட்டும்போது அந்தக் கடைசி வரியைத் தர்மதேவி விழுங்கிவிட்டாள். ஆனால் அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, ஆணி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

“வெயிலுக்கு என்னங்க பண்றது? முயல் தாங்காதே.”

“தகரம் போட்டா வெந்துடும். தென்னங்கீத்து போட்டு, நனைச்ச கோணியைத் தொங்க விட்டுடலாம். கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு ஒரு ஜோடி வந்துடும். கலா வர்றதுக்குள்ள அதுங்களும் இடம் பழகிடும்.”

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரே வீட்டில் இருந்துகொண்டே பெற்ற மகளைப் பறிகொடுத்தவர் அல்லவா?

“ஏங்க, கலா வந்ததும் நான் அவகிட்ட பேசட்டுமா? அன்னைக்கு நடந்ததை...”

“வேணாம்.” சுத்தியல் நின்றது. “பிள்ளைத்தாச்சிப் பொண்ணு. அம்மாவை நம்பி வர்றா. இப்ப அவளுக்கு நீதான் முக்கியம். பழசைக் கிளறாதே.”

“அதுக்காக ஆயுசு பூரா உங்ககிட்ட பேசாமலே இருப்பாளா?”

“எனக்குப் பழகிடுச்சு. ஒண்ணும் கஷ்டமில்ல.”

பச்சைப் பொய். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் முதலில் வாசலுக்கு ஓடுகிறவர் அவர்தான். வாங்கி, மகள் எழுத்தை ஒருமுறை விரலால் தடவிவிட்டுத்தான் மனைவியிடம் கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் தர்மதேவி அடுப்படிக்குள் போய் அழுதிருக்கிறாள்.

கடைசி ஆணியும் இறங்கியது. இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு, பூட்டை மாட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“என்கிட்ட எதுக்குங்க?”

“உன்கிட்டயே இருக்கட்டும்.” அவள் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பிரசவம் நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டு, அடைச்சு வெச்ச உயிரை விட்டா புண்ணியம்னு மறுபடியும் தோணிச்சின்னா, முன்னாடியே என்கிட்ட சொல்லிடு. நாய்ங்க வராம நான் தடியோட நிக்கிறேன்.”

அவள் சாவியோடு அவர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு... எப்படி...?”

“அன்னைக்குத் தாழ்ப்பாள்ல சந்தனம் அப்பியிருந்துச்சு, தேவி. கலா எழுந்து வர்றதுக்குள்ள நான்தான் தொடைச்சேன்.”