ஒற்றைப் பாலம்

மாப்பிள்ளை குடிப்பவராக இருந்தால் கல்யாணம் கிடையாது. அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்ணின் அண்ணன்கள் இருவரும் அவருக்குக் குடிக்க ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேஜை மேல் மூன்று கிளாஸ், மூன்றிலும் பிராந்தி. டி.வி.யில் கார் பந்தய கேம் தயாராக நின்றது. பாலத்திலிருந்து யாருடைய கார் ஆற்றில் விழுகிறதோ அவர் ஒரு மடக்கு குடிக்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

"குடிக்காதவன் முதல் மடக்குலயே மூஞ்சியைச் சுளிப்பான். குடிக்கிறவன், எவ்வளவு ஊத்தியிருக்குன்னு கிளாஸைத் தூக்கிப் பார்ப்பான். அதுல பிடிச்சிரலாம்" என்று பெரிய அண்ணன் சமையலறையில் வைத்துத் தம்பிக்கு ரகசியமாக விளக்கியிருந்தார். பக்கத்திலேயே தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததை இருவரும் பொருட்படுத்தவில்லை.

"போன தடவை வந்தவரை, இருமல் மருந்தை மூடியோட நக்கினார்னு திருப்பி அனுப்பினீங்க" என்றாள் அவள். "இவரையும் விரட்டினீங்கன்னா நான் இங்கதான். நாளைக்கு வரப்போற உங்க பொண்டாட்டிங்களுக்கு ஆயுசுக்கும் நாத்தனாரா இந்த வீட்டுலயே உட்கார்ந்துக்குவேன்."

அண்ணன்கள் அதை ஒரு நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் கொள்கை கொள்கைதான்.

மாப்பிள்ளை பல் டாக்டர். "எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லைங்க" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். எல்லா மாப்பிள்ளைகளும் செருப்பைக் கழற்றும்போது அதைத்தான் சொல்வார்கள் என்பதால் அது செல்லுபடியாகவில்லை.

கன்ட்ரோலரைக் கையில் வாங்கியவர் திரையைக் கூர்ந்து பார்த்தார். "இதுல ஒரு பாலம்தானா?"

"ஒண்ணுதான் மாப்ள. பின்ன, ஆளுக்கொண்ணு கட்டித் தருவாங்களா?" என்ற சின்ன அண்ணன், பெரியவரைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆளுக்கு கேமே புதுசு. அரை மணி நேரத்தில் சாயம் வெளுத்துவிடும்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் ஆற்றில் விழுந்தவர் பெரிய அண்ணன். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்.

"இதுல கிளட்ச் எங்கடா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே குடித்தார். அடுத்து சின்ன அண்ணன் விழுந்தார், குடித்தார். மாப்பிள்ளையின் கார் மட்டும் கொடிக்கயிற்றில் எறும்பு போவது மாதிரி கோணாமல் அக்கரை போய்ச் சேர்ந்தது.

"பல்லு பிடுங்குற கைடா" என்று பெரியவர் முணுமுணுத்தார். "அசையாது."

"மழையை வைப்போம்" என்றார் சின்னவர். கேமில் மழை கொட்டியது. அண்ணன்கள் இருவரும் சறுக்கி விழுந்தார்கள். மாப்பிள்ளை வைப்பரைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

பெரிய அண்ணன் பொறுமையிழந்து, மாப்பிள்ளையின் காரைப் பின்னாலிருந்து இடித்தார். இடித்த வேகத்தில் இடித்தவர்தான் ஆற்றுக்குப் போனார்.

"உங்களுக்குத் தொண்டையே காயலையா மாப்ள? சும்மா ஒரே ஒரு மடக்கு."

"விதின்னு ஒண்ணு இருக்கே மச்சான். விழாம எப்படிக் குடிக்கிறது?"

அந்த நேர்மை அண்ணன்களை உலுக்கியது. உலுக்கலில் இன்னும் இரண்டு முறை விழுந்தார்கள். பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியது. மாப்பிள்ளையின் கிளாஸ் ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது.

"டேய்" என்றார் பெரியவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "ரெண்டு பாலம் தெரியுதுடா. எதுல போறது?"

"நடுவுல போண்ணா" என்றார் தம்பி.

நடுவில் போனார். விழுந்தார்.

அதோடு சோதனை முடிவுக்கு வந்தது. பெரிய அண்ணன் மாப்பிள்ளையின் தோளில் கை போட எழுந்தார். சோபாவின் தோள்தான் அகப்பட்டது. அதை இறுக அணைத்துக்கொண்டு, "என் தங்கச்சியை நல்லா பார்த்துக்கங்க" என்று அழுதார்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். "அப்பா, தேதி குறிங்க. ஆளு பச்சைத்தண்ணி. முன்னால ஊத்தி வச்சும் தொடலை." இதையெல்லாம் டி.வி. ரிமோட்டில் சொல்லிக்கொண்டிருந்ததால், தங்கை ஓடி வந்து ரிமோட்டைப் பிடுங்கிவிட்டு ஃபோனைக் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை மாறாமல் மறுபடியும் சொன்னார். அப்பாவும் சரி என்றார்.

சின்ன அண்ணன் கார்ப்பெட்டில் நீச்சலடிக்கும் பாவனையில் தூங்கிப்போயிருந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பினார். தங்கை லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா? மழை, இடி எல்லாம் தாண்டி, ஒரு தடவைகூட விழாம எப்படிங்க ஓட்டினீங்க?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. கல்யாணம் நிச்சயமான பூரிப்பில் மாப்பிள்ளை உள்ளே போய், பெருமையாகத் திரும்பி நின்றார்.

"இன்னைக்கு ரொம்ப ஈஸிங்க. எங்க ரூம்ல ஆடுறப்பல்லாம் ரெண்டு பாலம் தெரியும்."