டைனமோ இறக்கிய பலகை

பெயர், டைனமோ. பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி அழைக்க இன்று எவரும் மிச்சமில்லை. வயது, அறுபத்தெட்டு நிறைந்து அறுபத்தொன்பது நடப்பு. தொழில், பழைய கார்களுக்கு மின்சார வேலை. இருப்பிடம், ஷெட்டின் மாடியில் ஒற்றை அறை.

ஷெட்டு வாசலில் அவர் தம் கையாலேயே எழுதி மாட்டிய பலகை ஒன்று தொங்கியது: 'பழைய வண்டியில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும். இதை மாற்றிக் கொடுப்பவன் இத்தொழிலுக்கு லாயக்கற்றவன்.'

இக்காலத்து வண்டிகளில் நெகட்டிவ்தான் பாடியோடு, அதாவது வண்டியின் இரும்புக் கூட்டோடு, சேரும். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் நேர்மாறு. இதே தொழில் செய்யும் எதிர்க்கடைக்காரர் ஒருமுறை பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்து, ஒரு வண்டியைப் புகைய விட்டார். மறுநாள் ஏறியது அந்தப் பலகை. யாரைக் குத்துவதற்கு என்பதைத் தெருவே அறியும்.

அப்பேர்ப்பட்ட டைனமோவின் மானம், டீச்சரம்மாவின் காரில் கப்பலேறியது.

டீச்சரம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மறைந்த கணவரின் பழைய காரைச் சனிக்கிழமைதோறும் தாமே ஓட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போவார். சில மாதங்களாக, சனிக்கிழமை வந்தால் வண்டி கிளம்புவதில்லை. பாட்டரி இறங்கிக் கிடக்கும்.

டைனமோ வண்டியைத் தம் ஷெட்டுக்குக் கொண்டுவந்து கார்பன் மாற்றினார். பாட்டரிக் கரண்டு திரும்பி ஓடிவிடாமல் தடுக்கும் கட்-அவுட்டை மாற்றினார். ஒயர்களையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தார். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு சொட்டுக் கரண்டும் கசியவில்லை. வண்டி வீடு போய்ச் சேர்ந்தால் மறுபடி அதே கதை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டியைக் குத்தம் சொல்லாதீங்கண்ணே," என்றார் எதிர்க்கடைக்காரர், தெருவுக்கே கேட்கும்படி.

அந்த வாரம் வெளியூரிலிருந்து டீச்சரம்மாவின் மகன் வந்தார். நேரே ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"பெரியவரே, ஒண்ணு உங்களுக்கு வேலை தெரியலை. இல்லேன்னா எங்கம்மா வண்டியில ஏதோ சுவிட்சைப் போட்டுட்டு அணைக்க மறந்துடறாங்க. எது?"

"டீச்சரம்மா மறக்கிற ஆளா தம்பி?"

"போன மாசம் பாலை அடுப்புல வச்சுட்டு மறந்தாங்க. இதுவும் மறதின்னா இனிமே தனியா விட முடியாது. வண்டியை வித்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு, கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். நாளைக்குக் காலைல எனக்குப் பதில் தெரியணும்."

மகன் வீட்டில் தமக்கு ஓர் அறை இருப்பதாகவும், ஆனால் அங்கே தாம் என்றைக்கும் விருந்தாளிதான் என்றும் டீச்சரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். டைனமோவுக்கு அது நினைவிருந்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் டீச்சரம்மா வீட்டுக்குப் போனார். மகன் வெளியே போயிருந்தார். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே கார் கொட்டகை. அங்கே சற்று நேரம் நின்றார். டீச்சரம்மாவோடு இரண்டு வார்த்தை பேசினார். மீட்டரைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பிவிட்டார்.

காலையில் மகன் வந்தார். துணைக்கு எதிர்க்கடைக்காரரையும் அழைத்து வந்திருந்தார்.

"தப்பு என்னுதுதான் தம்பி," என்றார் டைனமோ. "பாட்டரியில பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாத்திக் கொடுத்துட்டேன். கட்-அவுட் ஒட்டிக்கிட்டு, பாட்டரி தன்னால இறங்கியிருக்கு. அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல."

எதிர்க்கடைக்காரர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பலகைண்ணே?"

"இறக்கிடறேன்."

ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியைப் பிடுங்கி, தாமே இறக்கினார். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

பெற்ற தாயைச் சந்தேகப்பட வைத்துவிட்டீரே என்று மகன் நொந்துகொண்டார். வண்டி இனி எதிர்க்கடைக்குத்தான் என்று முடித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இணைப்பைச் சரிசெய்து தருவதோடு தம் கணக்குத் தீரட்டும் என்று டைனமோ கேட்டுக்கொண்டார். மகன் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மத்தியான ரயிலில் ஊர் திரும்பினார். தனியாக.

மாலையில் டைனமோ போனபோது, டீச்சரம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"எதுக்குத் தம்பி பொய் சொல்லி உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க?"

"நீங்க எதையும் மறக்கலைன்னு சொன்னேன். அது நிஜந்தானே?"

"நிஜந்தான்."

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளே இல்லையே டீச்சரம்மா. அது எப்படி இருந்தா என்ன?"

டீச்சரம்மா கார்க் கதவைத் திறந்து, மேற்கூரையில் இருந்த சின்ன விளக்கைப் போட்டார். இரவெல்லாம் எரியவிட்டு, விடிந்ததும் அணைப்பது அவர் வழக்கம். முதல் நாள் மாலை எரிந்துகொண்டிருந்ததும் அதுதான்.

"மறந்து விடறதில்ல தம்பி, தெரிஞ்சேதான் விடறேன்," என்று அப்போது அவர் சொல்லியிருந்தார். "பாத்திரம் தேய்க்கிறப்ப நிமிர்ந்து பார்த்தா, வண்டிக்குள்ள வெளிச்சம் இருக்கும். அவர் வந்துட்டார், பையெல்லாம் எடுத்துக்கிட்டு இருக்கார், இதோ இறங்கிடுவார்னு தோணும். இதை எம்புள்ளை கிட்டச் சொன்னா, புத்தி பெசகிடுச்சும்பான்."

அந்தச் சின்ன விளக்கின் ஒயரைப் பாட்டரியிலிருந்து பிரித்து, எத்தனை இரவு எரிந்தாலும் வண்டி கிளம்பும்படி, டைனமோ அதைக் கழற்றி மாட்டும் சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாக வீட்டு மின்சாரத்தோடு சேர்த்துக் கொடுத்த நாள், பிப்ரவரி மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.