பொடி வேணாம்

கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டு, மூடியது மூடியபடி இருந்தது.

ரெஜினா தோள்பையைக்கூட இறக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

விடிகாலை முதல் பஸ்ஸில் திட்டக்குடிக்குப் போய், அக்கா மகளின் நிச்சயத்தை முடித்துக்கொண்டு, அவளும் மிக்கேலும் இப்போதுதான் வீட்டுக்குள் கால் வைக்கிறார்கள். மணி ஆறாகிறது. இந்த ஐந்து மாதத்தில் பிள்ளையை ஒரு முழுப் பகல் தனியே விட்டது இன்றைக்குத்தான்.

பிள்ளை என்றால் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். ஆன்றோவுக்கு இருபத்தேழு வயது.

ஓசூரில் வேலை பார்த்தவன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். துணிமணியை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு கண்ணாடித் தொட்டியை மட்டும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். உள்ளே மண், பாசி, ஒரு பெரணிச் செடி. இலைக்கடியில் அரிசி அரிசியாகச் சாம்பல் நிறப் பூச்சிகள். ஐசோபாடாம்.

"இத யாரும் கழுவ வேணாம்மா. வுழுற எல, பூஞ்ச எல்லாத்தையும் இதுங்களே தின்னு சுத்தம் பண்ணிக்கும்" என்றான்.

அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

தொட்டியைக் கூடத்து அலமாரியில் வைத்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஓசூரில் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆளில்லாத நேரம் பார்த்து வந்து குளிப்பான். தட்டைக் காலி செய்து கழுவி வைத்திருப்பான். வாசற்படியைத் தாண்டியதில்லை. ஒரு சொல் இல்லை.

கழுவின தட்டைப் பார்த்தால்தான் ரெஜினாவுக்கு அன்றைக்கு மூச்சு வரும்.

மிக்கேலுக்கு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. வெடிப்பு விட்ட கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தார். பூச்சிகள் பகலெல்லாம் அதற்கடியில்தான் கிடக்கும். வைத்தவரே ஒரு நாளைக்கு நாலு தரம் அதைத் தூக்கிப் பார்ப்பார்.

"தோலுரிக்கிற நேரங்க. பாதி ஒடம்பு இன்னிக்கி, மீதி நாளான்னிக்கின்னு உரிக்குது. அதுவரைக்கும் மெத்துமெத்துன்னு இருக்கும். சும்மா சும்மா தூக்காதீங்க" என்று ரெஜினா அதட்டுவாள்.

பிள்ளையின் கதவை அவர் தட்டப் போகும்போதும் அதே அதட்டல்தான்.

தொட்டியின் மேல் ஆன்றோ ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: 'வெள்ளரி ஒரு துண்டு. உப்பு ஆகாது.'

அதற்காக அவள் தினமும் சாயங்காலம் ஜங்ஷனுக்கு நடப்பாள். ஸ்டேஷன் வாசலில் காசியம்மாள் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். இரண்டு கண்ணிலும் புரை. ஆளைக் குரலில்தான் பிடிப்பாள். கை மட்டும் பார்வையுள்ள கை. காம்பைக் கிள்ளாமல் பிஞ்சை நாலாகக் கீறும். கீறின வேகத்திலேயே உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிவிடும். அவளிடம் ஜாடை செல்லாது. கத்தி இறங்குவதற்குள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

"பொடி வேணாங்க்கா" என்பாள் ரெஜினா.

"உம் பூச்சிங்க என்னா புள்ளத்தாச்சியா, காரம் ஆவாதுன்றதுக்கு?" என்று காசியம்மாள் தினமும் அதையே கேட்டு, தினமும் புதிதாகச் சிரிப்பாள்.

இன்றைக்கு ஜங்ஷன் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வீடு. "இன்னிக்கி பூச்சிங்களுக்குப் பட்டினிதான்" என்று மிக்கேல்கூட வழியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது அவர் தட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"ஒடச்சிடட்டுமாடி?"

ரெஜினா கதவைப் பார்க்கவும் தைரியம் வராமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் தொட்டி இருந்தது.

கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் பச்சையாக என்னவோ கிடந்தது.

கிட்டே போனாள். வெள்ளரிப் பிஞ்சு. காம்பு கிள்ளாமல் நாலாகக் கீறியது. அதில் ஒரு கீற்று மட்டும் காம்போடு இருந்தது. மற்ற மூன்றைக் காணோம். இரண்டு பூச்சிகள் அதற்குள் ஏறிவந்து ஓரத்தைக் கறும்பத் தொடங்கியிருந்தன.

"நீயா வெச்ச?" என்றார் மிக்கேல்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். நேற்று வைத்ததைப் பூச்சிகள் காலையிலேயே தின்று முடித்திருந்தன. வீட்டில் வேறு வெள்ளரி கிடையாது.

மூடியைத் திறந்தாள். கிண்ணம் அசையாமல் கீற்றை எடுத்தாள். பூச்சிகளை மெல்ல ஊதிப் பாசியில் இறக்கினாள்.

பிறகு அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"அய்ய, என்னாடி இது? பூச்சி தின்னத..."

உப்பு இல்லை.

காரம் இல்லை.

சாத்திய கதவுக்குப் பின்னால் கட்டில் லேசாக முனகியது. யாரோ புரண்டு படுத்த சத்தம்.

ரெஜினா கீற்றை இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிக்கேலின் கையைப் பிடித்துக் கதவிடமிருந்து ஓசைப்படாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

நாளைக்கு முதல் வேலையாக ஜங்ஷனுக்குப் போய்க் காசியம்மாளைக் கேட்க வேண்டும்.

அந்தக் குரல் எப்படி இருந்தது என்று.