ராணிக்கு ஒத்துக்காது

அடுப்படி முழுக்கக் கரப்பான்பூச்சி. தவமணி ஸ்பிரே டின்னைக் கையில் எடுத்ததுமே புருஷன் குணாளன் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டான்.

“ராணிக்கு ஒத்துக்காது லா. பாவம், செத்துரும்.”

சாக்பீஸ் மருந்தால் கோடு போட்டாள். ராணி பேரைச் சொல்லி அதையும் துடைத்துவிட்டான். கடைசியில் வாசனைக்குக் கரப்பான் ஓடிவிடும் என்று பண்டான் இலையை முடிச்சுப் போட்டு அலமாரிக்கு அலமாரி வைத்தாள். அதற்கு மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. கரப்பான்களும் அதைச் சட்டை செய்யவில்லை.

பொறுமை போய், ராணியை வாங்கிய பூச்சோங் வளர்ப்புப் பிராணிக் கடைக்கே போய் நின்றாள்.

“அங்கிள், என் வீட்டுக்காரர் குணா இங்கதான் ராணியை வாங்கினாரு. அதுக்கு ஒண்ணும் ஆகாம கரப்பானை மட்டும் ஒழிக்க மருந்து இருக்கா?”

“குணாவோட அரோவானா மீனா?” கடைக்காரர் சிரித்தார். “அதுக்குத் தீனி போடத்தானே மா வாராவாரம் என்கிட்ட உயிரோட கரப்பான் வாங்கிட்டுப் போறாரு. டப்பாவை இறுக்கி மூடுங்கன்னு சொல்லித்தானே அனுப்புனேன்.”

தவமணி ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

“அந்த மீனைக் குழம்பு வைக்கலாமா அங்கிள், இல்ல பொரிச்சாத்தான் நல்லா இருக்குமா?”