தேமலும் பஞ்சும்

ஜன்னல் வெளிச்சத்தில் பேக்கரிக்காரர் நீட்டியிருக்கும் முன்கை முழுக்க வியர்வை மினுங்குகிறது. உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிக் கிடக்கும் தேமல் மட்டும் உலர்ந்திருக்கிறது. அதில் ஒரு முடிகூட இல்லை. நடுவே, நேற்று அடுப்புத் தட்டு பட்டுப் பொங்கிய கொப்புளம். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. சட்டையைக் கழற்றும்போது மனைவிதான் பார்த்தாள். “வெறும் தேமல் டாக்டர். இவதான் ஊரைக் கூட்டி இழுத்துட்டு வந்துட்டா.” அவருக்கு எதிர்ச் சுவரில் ‘உணர்ச்சியற்ற தேமலா? தொழுநோயாக இருக்கலாம்’ என்கிறது ஒரு அட்டை. நாற்காலிக்குப் பின்னால் அவர் தோளில் கை வைத்து நிற்கும் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டாள். “கண்ண மூடிக்குங்க. பஞ்சு பட்டா ‘ம்’ சொல்லுங்க” என்கிறார் டாக்டரம்மா. மணிக்கட்டில் பஞ்சு படுகிறது. “ம்.” முழங்கையருகே. “ம்.” தேமலின் மேல் படுகிறது. மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. மனைவியின் விரல்கள் தோளை மெல்ல அழுத்துகின்றன. “ம்” என்கிறார் அவர், சட்டென்று. மறுபடி தேமல், மறுபடி அழுத்தல், மறுபடி “ம்”. டாக்டரம்மா நிமிர்ந்து அந்த விரல்களையே பார்க்கிறார். திட்டவில்லை. “மாத்திரையிலயே குணமாயிடும்மா. ஆனா அவர்தான் சொல்லணும்.” மனைவி கையை எடுத்துத் தன் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். பஞ்சு தேமலில் இறங்கி, ஓரம்வரை ஊர்ந்து போய், திரும்பி வருகிறது. இன்னொரு முறையும் போய் வருகிறது. மூடிய கண்களோடு அவர் சிரிக்கிறார். “என்ன டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?”